பாரன் தீவு: தூங்கி எழுந்த எரிமலையும் நம் ஊர்க் கறுப்புக் கல்லும்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)



இந்தியாவில் எரிமலை இருக்கிறதா என்று ஹாஸ்டலில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். எட்டுப் பேர் "அதெல்லாம் ஜப்பான்லதான்" என்பார்கள். ஒருவர் இந்தோனேஷியா என்பார். மிச்சம் ஒருவர் இங்கிலீஷ் படத்துக் கதையை ஆரம்பித்து விடுவார்.

இருக்கிறது நண்பர்களே! அதுவும் நமக்கு நேராகவே இருக்கிறது. மொரப்பூர் ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே ஒரு கோடு இழுங்கள். அரூர், திருவண்ணாமலைப் பக்கமாகப் போய், திண்டிவனம் தாண்டி, மரக்காணம் அருகில் அந்தக் கோடு கடலில் இறங்கும். வங்காள விரிகுடா முழுவதையும் கடந்து, அந்தமான் தீவுகளின் மேலே ஏறி இறங்கி, மறுபடியும் கடலுக்குள் போனால் சுமார் 1,700 கி.மீ. தூரத்தில் ஒரு கறுப்பு மலை தண்ணீரிலிருந்து எழுந்து நிற்கும். அதுதான் பாரன் தீவு. நம் அட்சரேகை 12 டிகிரியும் கொஞ்சமும். அதுவும் 12 டிகிரியும் கொஞ்சமும்தான். இந்தியாவில் மட்டுமல்ல, தெற்கு ஆசியாவிலேயே இன்று உயிரோடு இருப்பதாக உறுதியான எரிமலை இது ஒன்றுதான். அந்தமான் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை இதன் பெயர் போர்ட் பிளேர்) வடகிழக்கே சுமார் 140 கி.மீ.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் அண்ணன் அந்தமானில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர். "நான் எரிமலையைக் கிட்ட நின்னு பார்த்தேன், ஒண்ணுமே இல்ல, சேறுதான் கொப்பளிக்குது" என்பார். அவர் பார்த்தது பாராடங் தீவில் உள்ள சேற்று எரிமலை. அடியிலிருந்து வாயு தள்ளுவதால் சேறு மேலே வருகிறது, அவ்வளவுதான். அதில் நெருப்பும் இல்லை, பாறைக் குழம்பும் இல்லை. பேர் மட்டும்தான் ஒன்று. நாம் பார்க்கப் போவது நிஜ எரிமலை.

தொட்டபெட்டா உயரம்

படத்தில் பார்த்தால் பாரன் தீவு சின்னதாகத்தான் தெரியும். குறுக்களவு சுமார் 3 கி.மீ. கடல் மட்டத்துக்கு மேல் 350 மீட்டர் அளவில் உயரம். இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றும். ஆனால் அந்த மலையின் அடிவாரம் கடலுக்குள்ளே 2,250 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 2,600 மீட்டர்! ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதாவது கடல் தண்ணீரை எல்லாம் இறைத்துவிட்டுப் பார்த்தால் ஒரு தொட்டபெட்டா நிற்கும். நமக்குத் தெரிவது உச்சந்தலை மட்டும்.

அந்த உச்சந்தலையும் முழுசாக இல்லை. முன்னொரு காலத்தில் இதைவிட உயரமான மலை ஒன்று அங்கே இருந்து, அதன் மேல்பகுதி போய்விட்டது. மிஞ்சியது ஏறக்குறைய 2 கி.மீ. அகலமுள்ள ஒரு வட்டச் சுவர். இப்படிப்பட்ட பெரும் பள்ளத்தை 'கால்டெரா' என்பார்கள். வட்டச் சுவருக்கு மேற்குப் பக்கம் மட்டும் ஒரு வாசல் மாதிரி உடைந்திருக்கிறது. நடுவில் புதிதாக ஒரு கூம்பு வளர்ந்து நிற்கிறது. அகலச் சட்டிக்குள் புனலைக் கவிழ்த்து வைத்த மாதிரி. எரிமலைக் குழம்பு கடலுக்கு ஓடி வருவது அந்த மேற்கு வாசல் வழியாகத்தான். ஆட்கள் இறங்கிப் பார்த்ததும் அந்தப் பக்கமாகத்தான்.

நெருப்பு எங்கிருந்து வருகிறது?

பூமிக்கு அடியில் எல்லா இடத்திலும் குழம்பு தளதளவென்று கொதித்துக் கொண்டிருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. நம் காலுக்குக் கீழே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழம் வரை பெரும்பாலும் திடப் பாறைதான். சூடான பாறை, ஆனால் உருகாத பாறை. மேலேயிருந்து வரும் அழுத்தம் அதை உருக விடாது. அப்படியானால் சில இடங்களில் மட்டும் ஏன் உருகுகிறது?

இதற்கு நம் ஒர்க்ஷாப்பில் பற்றுவைக்கும் கம்பியை எடுத்துக் கொள்வோம். காரீயம் தனியாக 327 டிகிரி செல்சியஸில் உருகும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். வெள்ளீயம் 63-க்குக் காரீயம் 37 என்ற விகிதத்தில் சேர்த்தால்? 183 டிகிரியிலேயே உருகிவிடும். கலப்பு வந்தால் உருகுநிலை இறங்கும். பாறைக்கு அந்த வேலையைச் செய்வது தண்ணீர். ஆமாம், தண்ணீர்தான்! நெருப்பு மலையை உண்டாக்குவது தண்ணீர் என்பது இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அந்தமானுக்கு மேற்கே கடலடியில் ஒரு நீண்ட பள்ளம் ஓடுகிறது. அங்கே நம் இந்தியப் புவித்தட்டு, பர்மா தட்டு எனப்படும் சிறிய தட்டுக்குக் கீழே சொருகிக் கொண்டு போகிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகம்தான். ஆனால் நிற்பதில்லை. கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஊறிக் கிடந்த பாறை அது. அதன் கனிமங்களுக்குள்ளேயே தண்ணீர் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தை எட்டும்போது சூடும் அழுத்தமும் சேர்ந்து அந்தத் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. தண்ணீர் மேலே உள்ள சூடான பாறைக்குள் ஏறுகிறது. உருகாமல் இருந்த பாறை உருக ஆரம்பிக்கிறது. உருகியது சுற்றியுள்ள பாறையைவிட இலேசு என்பதால் விரிசல் தேடி மேலே வருகிறது. பாரன் தீவு அப்படி வந்த குழம்பின் வாய்.

மேலே வரும்போது அதே தண்ணீர் இன்னொரு வேலையும் செய்கிறது. கோலி சோடாவை நினைத்துக் கொள்ளுங்கள். மூடியிருக்கும் வரை வாயு கரைந்து சாதுவாக இருக்கும். கோலியைத் தட்டினால் புஸ்ஸென்று பொங்கும். குழம்பில் கரைந்திருக்கும் நீராவியும் அழுத்தம் குறைந்ததும் குமிழாகி, குழம்பையே சிதறடித்துக் கொண்டு வெளியே பாயும். சிதறியதில் நைசானது சாம்பல், கரடுமுரடானது எரிகல் ஜல்லி, பெரியது பாறாங்கல்.

அடுக்கு எரிமலை

வெடிக்கும்போது சாம்பலும் ஜல்லியும் விழுந்து ஓர் அடுக்கு. வேகம் தணிந்து குழம்பு வழிந்தால் அதன் மேல் இறுகிய பாறையாக ஓர் அடுக்கு. மறுபடி சாம்பல், மறுபடி குழம்பு. இப்படி மாறி மாறி வளர்வதால் இதற்கு அடுக்கு எரிமலை என்று பெயர். நாம் ரோடு போடும்போது ஜல்லி ஓர் அடுக்கு, அதைக் கட்டிப் பிடிக்க மேலே ஓர் அடுக்கு என்று போடுகிறோமே, அந்த மாதிரி. வெறும் சாம்பலும் ஜல்லியும் மட்டுமானால் 'ஆங்கிள் ஆஃப் ரிபோஸ்' தாண்டியதும் சரிந்துவிடும். மணல் லோடு கொட்டும்போது பார்த்திருக்கிறோம். இடையிடையே உள்ள குழம்புப் பாறைதான் மலையைச் செங்குத்தாக நிறுத்துகிறது. ஆனாலும் முழுக்கக் கட்டிய சுவர் அல்ல. அதனால்தான் இந்த வகை மலைகள் திடீரென ஒரு பக்கம் இடிந்து விழுகின்றன.

எல்லா அடுக்கு எரிமலைக்கும் ஒரே குணம் கிடையாது. குழம்பில் சிலிக்கா எவ்வளவு என்பதைப் பொறுத்தது. சிலிக்கா குறைவு என்றால் குழம்பு ரசம் மாதிரி. கொதித்தாலும் ஆவி சுலபமாகப் போய்விடும். சிலிக்கா கூடக்கூட அது களி மாதிரி. கேழ்வரகுக் களி கிண்டும் வீட்டில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. களியில் குமிழ் சுலபமாக வெளியே வராது, உள்ளேயே உப்பி, பொத்தென்று வெடித்துக் கையில் தெறிக்கும். பாரன் தீவுக் குழம்பு பெரும்பாலும் பசால்ட், கொஞ்சம் ஆண்டிசைட். ரசத்துக்கும் களிக்கும் நடுவில், ரசத்தின் பக்கம். அதனால் அது அடிக்கடி சிறிதாகச் சீறும். பக்கத்தில் வடக்கே இருக்கும் நார்கொண்டம் தீவில் சிலிக்கா கூடின, களி வகைப் பாறைகள். 700 மீட்டர் தாண்டி உயரம். பச்சைப் பசேலென்று காடு மூடி, மனிதர் கண்ட காலத்தில் வெடிக்காமல் இருக்கிறது. அதன் பேரில் இருவாச்சிப் பறவை வகை ஒன்று உண்டு. உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது.

140 ஆண்டுத் தூக்கம்

பாரன் தீவின் சரித்திரம் எழுத்தில் தொடங்குவது 1787-ல். கப்பலில் போனவர்கள் புகையைக் கண்டு குறித்திருக்கிறார்கள். 1789-ல் லெப்டினன்ட் ஆர்ச்சிபால்ட் பிளேர் (போர்ட் பிளேர் என்ற பெயர் இவருடையதுதான்) அருகில் போய்ப் பார்த்தார். மூன்று நான்கு டன் எடையுள்ள கற்கள் செக்கச் செவேலென்று மேலே எறியப்பட்டதை எழுதி வைத்தார். ஒரு லாரி லோடு கருங்கல்லை ஒரே கல்லாக வானத்தில் வீசினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக் கொள்ளுங்கள். 1795, 1803-04 என்று மேலும் சில சீற்றங்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அடங்கிவிட்டது.

பிறகு வந்தவர்கள் பார்த்தது அமைதியான மலை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எஃப்.ஆர். மாலெட் இந்தத் தீவையும் நார்கொண்டத்தையும் ஆராய்ந்து 1885-ல் பெரிய அறிக்கை வெளியிட்டார். கரையோரம் ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. முன்பு போனவர்கள் சொன்ன சூட்டைவிட அவர் காலத்தில் சூடு குறைந்திருந்தது. பள்ளத்தின் சுவர்களில் மரம் செடி வளர்ந்தது. கப்பல்காரர்கள் விட்டுப் போன ஆடுகள் பெருகின. தாத்தா, அப்பா, பிள்ளை என்று நாலைந்து தலைமுறை போய்விட்டது. செத்த எரிமலை என்று ஒருவர் சொல்லியிருந்தால் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

1991 மார்ச் கடைசியில் அது எழுந்தது! ஏறக்குறைய ஆறு மாதம் அடங்கவில்லை. குழம்பு மேற்கு வாசல் வழியாகக் கடலில் இறங்கி, தண்ணீர் கொதித்து ஆவி எழுந்தது. 1994 டிசம்பரில் மறுபடி ஆரம்பித்து 1995-ல் ஓய்ந்தது. 2005 மே மாதம் மீண்டும். அதற்கு ஐந்து மாதம் முன்புதான், 2004 டிசம்பர் 26-ல், சுமத்ரா பக்கம் 9.1 அளவுள்ள நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. "நிலநடுக்கம்தான் எரிமலையைத் தட்டி எழுப்பியது" என்று பலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் 1991-ல் அப்படி ஒரு பெரும் நிலநடுக்கம் இல்லாமலேயே எழுந்த மலை இது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 2017 ஜனவரியில் தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கப்பலில் அருகே வேலை செய்து கொண்டிருந்தபோது, அவர்கள் கண்ணெதிரிலேயே சாம்பல் கக்கியது. பகலில் சாம்பல் மேகம் மட்டும் தெரிந்ததாம், பொழுது சாய்ந்ததும் செந்நிறக் குழம்பு தெரிந்ததாம். 2025 செப்டம்பரிலும் சீறியது.

140 ஆண்டு சும்மா இருந்தது ஏன் எழுந்தது என்று கேட்டால், 140 ஆண்டு என்பது நமக்குத்தான் நீளம். கீழே தட்டு சொருகுவது ஒரு நாளும் நிற்கவில்லை. தண்ணீர் பிழியப்படுவதும் நிற்கவில்லை. அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, மூடி எப்போது தூக்கும் என்பது மட்டும் கேள்வி. தூங்குகிற எரிமலைக்கும் செத்த எரிமலைக்கும் வித்தியாசம் மேலே புகை வருகிறதா என்பதில் இல்லை, கீழே அடுப்பு இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது.

பாரன் தீவில் ஆள் குடியிருப்பு இல்லை. அதனால் நமக்கு இது வேடிக்கை. இதே எரிமலை வரிசை தெற்கே இந்தோனேஷியாவுக்குப் போகிறது. அங்கே 1883 ஆகஸ்டில் கிரகட்டோவா வெடித்தபோது 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் குழம்பால் அல்ல, அது எழுப்பிய சுனாமியால். அதே இடத்தில் பிறகு முளைத்த 'அனாக் கிரகட்டோவா' 2018 டிசம்பரில் ஒரு பக்கம் கடலில் சரிந்தது. நானூறு பேருக்கு மேல் பலி. சுமத்ராவின் டோபா சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த சாம்பல் காற்றில் வந்து இந்தியா முழுக்க விழுந்தது. ஆந்திராவில் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் அடுக்கை இன்றும் மண்ணுக்குள் பார்க்கலாம்.

நம் ஊரில் எரிமலை வருமா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் அதிகம். தமிழ்நாட்டில் அவ்வப்போது ஏதாவது ஊரில் "மண் உருகி எரிமலை வந்துவிட்டது" என்று கூட்டம் கூடும். போய்ப் பார்த்தால் கறுப்புக் கண்ணாடிக் கட்டி மாதிரி ஏதோ இருக்கும். இப்படிப்பட்ட பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்ட காரணம் மின்சாரம். உயரழுத்தக் கம்பியிலிருந்து மின்சாரம் பூமிக்குக் கசிந்து, அந்தச் சூட்டில் மண்ணும் கல்லும் உருகிவிடுகின்றன. எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் இதை ஊரில் சொல்ல வேண்டும். ஏனென்றால் வேடிக்கை பார்க்கக் கிட்டே போகிறவர்களுக்கு ஆபத்து குழம்பால் அல்ல, தரையில் ஓடும் கரண்டால். பக்கத்தில் கம்பமோ டவரோ இருந்தால் முதலில் ஈ.பி.க்குச் சொல்லுங்கள்.

நிஜமான நெருப்புக் குழம்பு நம் பக்கம் வந்ததே இல்லையா? வந்திருக்கிறது. அதன் மேலேதான் நாம் நடக்கிறோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் 'கறுப்பு கிரானைட்' என்று வெட்டி ஏற்றுமதி செய்கிற கல் உண்மையில் கிரானைட் அல்ல. அது டோலரைட். பாரன் தீவின் பசால்ட்டுக்கு நெருங்கிய சொந்தம். ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் அதற்கு முன்னும் நிலத்தின் விரிசல்களில் புகுந்த குழம்பு மேலே வராமல் உள்ளேயே உறைந்து சுவர் சுவராக நின்றுவிட்டது. இதை 'டைக்' என்பார்கள். பாகு மெதுவாக ஆறினால் கற்கண்டு பெரிசாக விளையும், சட்டென்று ஆறினால் பொடியாகும். வெளியே கொட்டி ஆறிய பசால்ட்டில் மணிகள் கண்ணுக்கே தெரியாது. உள்ளே ஆறிய டோலரைட்டில் உற்றுப் பார்த்தால் தெரியும். பாலிஷ் போட்ட கல்லில் மினுமினுக்கிறதே, அதுதான். சாமல்பட்டிப் பக்கம் இன்னும் அபூர்வமாக, சுண்ணாம்புச் சத்தே நெருப்புக் குழம்பாக ஏறி உறைந்த கார்பனடைட் பாறை இருக்கிறது. அதற்கு வயது 70, 80 கோடி ஆண்டு.

எங்கள் அப்பா பதினேழு வருஷமாகக் கல் உடைக்கிறவர். "இந்தக் கறுப்புக் கல்லுல உளி பாயாது, ஆனா பொளந்தா நூல் பிடிச்ச மாதிரி பொளக்கும்" என்பார். அது நெருப்பில் பிறந்தது என்று நான் சொன்னபோது கல்லை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் சுடலியே" என்றார்.

சுடாது. இங்கே அடுப்பு இல்லை. நம் அடியில் எந்தத் தட்டும் சொருகவில்லை. தடித்து ஆறிப்போன பழைய நிலம் இது. அந்தக் காலத்தில் மேலே இருந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் தேய்ந்து போயிற்று. டேங்க் இடிந்துபோய், மண்ணுக்குள் இருந்த பைப் மட்டும் மிஞ்சிய மாதிரி, உள்ளே உறைந்த சுவர்கள் மட்டும் மிஞ்சின. இதுதான் செத்த எரிமலை.

செத்தாலும் அது ஒரு காரியம் செய்கிறது. நம் மாவட்டத்தில் இதைவிடப் பெரிய காரியம் கிடையாது. தண்ணீர்! டைக் என்பது நிலத்துக்குள் எழுப்பிய தடுப்புச் சுவர். வெடிப்பு விடாத டைக் நிலத்தடி நீரோட்டத்துக்குக் குறுக்கே நின்றால், மேட்டுப் பக்கம் தண்ணீர் தேங்கும், பள்ளத்துப் பக்கம் வறளும். ஒரே வயக்காட்டில் ஒரு கிணறு ஊறுவதும், அறுபது அடி தள்ளி இன்னொன்று காய்வதும் சில இடங்களில் இதனால்தான். எங்கள் பெரியப்பா நிலத்தில் மூன்று போர் போட்டு மூன்றும் புகை. அந்தக் கடன் இன்னும் முடியவில்லை. தேங்காய் வைத்துப் பார்த்தார்கள், குச்சி பிடித்துப் பார்த்தார்கள்.

சென்ற லீவில் அந்த நிலத்தைச் சுற்றி நடந்தேன். வரப்பு ஓரம் உருண்டைக் கறுப்புக் கற்கள் ஒரு கோடு பிடித்த மாதிரி கிழக்கு மேற்காகப் போகின்றன. இருபுறமும் வெளிர்ந்த பாறை. டைக் தலைநீட்டும்போது இப்படித்தான் உருண்டு உருண்டு கிடக்கும். மூன்று போரும் அந்தக் கோட்டுக்குத் தெற்கே, பள்ளத்துப் பக்கம். எல்லா டைக்கும் தண்ணீரை மறிப்பதில்லை, உடைந்து வெடித்திருந்தால் தண்ணீர் கடந்து போய்விடும். எனவே கல்லைப் பார்த்து மட்டும் போர் போடச் சொல்ல முடியாது. நிலத்தில் கம்பிகள் அடித்து, கரண்ட் செலுத்தி, மின்தடை அளக்கும் ஆய்வு செய்தால் அடியில் ஈரமான வெடிப்புப் பாறை இருக்கிறதா என்பது ஓரளவு தெரியும். போர் போடும் செலவோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு கொஞ்சம்தான்.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான் ஒருவன்தான் என்பதால், நான் சொல்வதை நம்புவதா, குச்சிக்காரர் சொல்வதை நம்புவதா என்று பெரியப்பாவுக்கு யோசனை. "கோட்டுக்கு வடக்க நம்ம நிலம் எவ்வளவு கண்ணு வரும்?" என்று கேட்டார். அளந்து பார்த்தோம். முப்பது சென்ட் வருகிறது. கடலைக்காய் பிடுங்கியதும் கம்பி அடித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.